பாட்டியின் உளி, அம்மாவின் புட்டி, மாமாவின் அரிவாள்

போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தபோது பாட்டியின் பழைய மைலோ டின்னுக்குள் ஓர் உளி கிடைத்தது. எண்ணெய்த் துணியில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தது. பால்வெட்டு உளி. பாட்டி பால்வெட்டை விட்டு முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீட்டின் எட்டாவது மாடியில். கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஒரு கித்தா மரம் கிடையாது. ஆனாலும் உளியில் துரு இல்லை. என் தம்பி கூர் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, உடனே விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"தீட்டித்தானே வெச்சிருக்கேன். அப்படியே போட்டா துருப் புடிச்சிரும்ல," என்றார் பாட்டி.

"யாருக்காகப் பாட்டி தீட்டுறீங்க?"

"சும்மாதான்."

அந்தச் 'சும்மாதான்' கொஞ்ச நாள் என்னைத் தொந்தரவு செய்தது. தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி நாம் குறைவாக எழுதவில்லை. அட்டை, கொசு, கிராணி, கள்ளுக்கடை, லயத்து வீடு எல்லாம் நம் கதைகளில் உண்டு. துயரத்தை எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த மனிதர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள், அதைக் கொண்டு என்ன செய்தார்கள், அதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் அதிகம் படித்ததில்லை. என் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று கருவிகளோடு வேலை செய்திருக்கிறார்கள். அந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் நம் தோட்ட வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் உளி. இதை வாசிப்பவர்களில் பலர் கித்தா மரத்தைக் காரில் போகும்போதுதான் பார்த்திருப்பீர்கள். அதனால் வேலையைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கித்தா மரத்தின் பால், மரக்கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. பட்டைக்குள் மிக நுண்ணிய பாற்குழாய்கள் ஓடுகின்றன. அவை நேர் செங்குத்தாக ஓடுவதில்லை, மேலே போகப் போகச் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டுக்கோடு எப்போதும் மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கமாக, ஏறக்குறைய 30 பாகை சரிவில் இறங்குகிறது. அப்படி இழுத்தால் கூடுதல் குழாய்கள் அறுபடும். மரத்தை அரைச்சுற்றுச் சுற்றி வரும் அந்தக் கோட்டில், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பட்டையைத்தான் சீவ வேண்டும். நாளைக்கு அல்லது நாளை மறுநாள் அதே கோட்டின் கீழ் இன்னொரு சீவல். இப்படியே பட்டை மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டு போகும்.

இதெல்லாம் அகலக் கணக்கு. கஷ்டம் ஆழத்தில் இருக்கிறது. பாற்குழாய்கள் உட்பட்டையில்தான் அதிகம். அதற்கும் உள்ளே கேம்பியம் என்கிற வளர்படலம். மரம் புதுப்பட்டை போடுவது அந்தப் படலத்தால்தான். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி உளி நின்றுவிட வேண்டும். நிற்காமல் மேலேயே சீவினால் பால் குறையும். தாண்டிப் போய் கேம்பியத்தில் பட்டால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்துப் புதுப்பட்டையில் மறுபடி வெட்டு வரும்போது அந்த முடிச்சில் உளி ஓடாது.

கூலி பாலின் எடையைப் பார்த்தது. ஆக, பணம் உளியை உள்ளே இழுக்கும். காயம் பட்டால் திட்டும் அபராதமும். அது உளியை வெளியே தள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு மில்லிமீட்டரில் பாட்டி நாற்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார். அதுவும் விடியாத இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், இடுப்பில் கொசுவத்தி புகைய. வெயில் ஏறாத நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டு கட்டாயம். ஒரு நிரையில் சுமார் நானூறு மரம். ஒவ்வொன்றிலும் முந்தைய வெட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை இழுத்து எடுக்க வேண்டும், மங்கில் இறுகிக் கிடக்கும் கட்டிப்பாலை எடுத்துப் பையில் போட வேண்டும், சீவ வேண்டும், மங்கைச் சரியாக வைக்க வேண்டும். மரத்துக்கு அரை நிமிடம் கூடக் கிடைக்காது. நடையும் அதில் சேர்த்தி.

"வெளிச்சம் பத்தாதே, எப்படிப் பாட்டி ஆழம் தெரியும்?"

"கண்ணுல யாரு பாத்தா? உளி ஓடுற சத்தத்துல தெரியும். பட்டையில ஓடுனா ஒரு சத்தம், உள்ள எறங்குனா வேற சத்தம். கையிலயும் தெரியும். நீ வெங்காயம் அரியுறப்ப பலகைய தொட்டா தெரியல?"

நான் வெங்காயம் அரியும் லட்சணம் அவருக்குத் தெரியும். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்த வேலைக்கு ஒரு வரலாற்று நாயகன் இருக்கிறார். பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 கித்தா விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 அடுத்த வருடம் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்த ஹென்றி ரிட்லி இந்த மரங்களைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் கித்தா நடுங்கள் என்று நச்சரித்ததால் 'கிறுக்கு ரிட்லி' என்று பட்டப்பெயர். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக ரீதியாக நட்டபோதுதான் அவர் பேச்சு எடுபட்டது.

ரிட்லியின் பெரிய பங்களிப்பு வெட்டு முறை. அமேசான் காட்டில் சின்னக் கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். கொத்தின இடமெல்லாம் புண். மரம் சீக்கிரம் பாழாகும். ரிட்லி 1890-களில் தொடர்ந்து சோதனை செய்து, புதிது புதிதாகக் கொத்த வேண்டாம், பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லியதாகச் சீவிக்கொண்டு வந்தால் பால் கூடும், மரமும் பிழைக்கும் என்று காட்டினார். மலாயாவின் தோட்டத் தொழிலே இந்தச் சீவலின் மேல்தான் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை. அவருக்குரிய மரியாதையை நான் குறைக்கவில்லை. 1956-இல் நூறு வயது நிறைந்து இறந்தார். அப்போது பாட்டிக்கு இருபது வயது. நிரையில் நின்று அவருடைய முறையில் மரம் சீவிக்கொண்டிருந்தார். ரிட்லி என்ற பெயரைப் பாட்டி முதன்முதலாகக் கேட்டது போன மாதம், நான் சொல்லி. "யாரு, தொரையா?" என்றார்.

முறையைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி. அதை ஒரு நாளைக்கு நானூறு முறை, இருட்டில், மரத்துக்குக் காயம் படாமல் செய்தவர்களைச் சட்டம் என்ன பெயர் சொல்லி அழைத்தது?

1922-இல் பிரிட்டிஷ் இந்தியா ஒரு குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் வெளிநாடு போவதை அது இரண்டாகப் பிரித்தது: திறன் உள்ள வேலை, திறன் இல்லாத வேலை. திறன் உள்ள வேலை என்றால் கைவினைஞர் போன்றோருடையது. திறன் இல்லாத வேலையில் விவசாயமும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய நம் ஆட்கள் அத்தனை பேரும் அந்த இரண்டாவது வகைக்குள் போனார்கள். தச்சன் உளி பிடித்தால் திறன். மரம் சீவுகிறவள் உளி பிடித்தால் திறனில்லை. நல்ல நோக்கத்தோடு, கூலிகளைப் பாதுகாக்க வந்த சட்டம்தான் அது. 1938-இல் இந்திய அரசு உதவி பெற்ற குடிபெயர்வை அடியோடு நிறுத்தியதும் அதன் அதிகாரத்தில்தான். ஆனாலும் அந்த ஒரு வரி விளக்கம் பல தலைமுறைக்கு நம் தலையில் ஒட்டிக்கொண்டது. ஏன், நாமே அப்படித்தானே பேசுகிறோம்? "படிக்காட்டி மரம் வெட்டத்தான் போகணும்" என்று என் ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அந்தத் திறனில்லாத வேலைக்குள்ளேயும் ஒரு பிரிவு இருந்தது. 1920-களின் கடைசியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அது 40, 32 என்று இறங்கியது. ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். உளி ஒன்றுதான், மரம் ஒன்றுதான். கை மட்டும் வேறு.

வேலை முடிந்து பாலை ஸ்தோருக்குக் கொண்டுபோனால் அங்கே இன்னொரு கருவி காத்திருக்கும். இரண்டு பக்கமும் வாளி தொங்க, தோளில் காண்டாக் கம்பு வைத்துத் தூக்கி வந்த பாலை நிறுப்பார்கள். பிறகு கிராணி அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்றை மிதக்க விடுவார். மெட்ரோலாக் என்று அதற்குப் பெயர். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அது எந்த அளவில் மிதக்கிறதோ அதை வைத்துக் கணிக்கலாம். தண்ணீர் சேர்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல கருவிதான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், கூலி வாங்குகிறவர் இன்னொருவர்.

"அவரு குனிஞ்சு பாத்து ஒரு நம்பர் சொல்லுவாரு. நாங்க எட்டிப் பாத்தாலும் ஒண்ணும் புரியாது. சொன்னதுதான் கணக்கு," என்றார் பாட்டி.

தன் உளியைத் தானே தீட்டிக்கொண்டவருக்கு, தன் உழைப்பை அளக்கும் கருவியைத் தொட அனுமதி இல்லை. தோட்டத்தில் யார் எந்தக் கருவியைத் தொடலாம், யார் எதன் மேல் உட்காரலாம் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச். நாதன் என்பவர் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது என்று கோரிக்கைகள் போகும். அந்த வரிசையில் ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. சைக்கிள் அவர்களுடைய சொந்தக் காசில் வாங்கியது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். தோட்டங்களுக்குள் ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்பதற்காகவும் நம் ஆட்கள் அடி வாங்கியிருக்கிறார்கள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அவசரகாலம் பாட்டிக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1948-இல் தொடங்கியது. கம்யூனிஸ்ட்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்று 1951 வாக்கில் கட்டுப்பாடு இறுகியது. லயத்தைச் சுற்றி முள்வேலி. காலையில் கேட்டில் பெண் காவலர்கள் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சோறு கொண்டுபோக முடியாது.

"உளிய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சோத்தத்தான் புடுங்கிருவாங்க. பதினஞ்சு வயசு எனக்கு. பால் எடுத்து முடிக்கிற வரைக்கும் வெறும் வயிறு." ஊரடங்கு தளர நேரமாகிவிட்டால் வெட்டும் தாமதமாகும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். சண்டை யாருக்கும் யாருக்கும் நடந்தாலும் கூலி குறைந்தது இவர்களுக்கு.

இத்தனைக்குப் பிறகும் பாட்டி உளியைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மிடுக்கு வருவதை நான் கவனித்திருக்கிறேன். சாயங்காலம் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து பெண்கள் உளி தீட்டுவார்களாம். மடிந்த முனையின் உள்பக்கத்துக்குத் தனிச் சின்னக் கல். ஒருத்தி உளியை இன்னொருத்தி தொட மாட்டாள். கை மாறினால் கூர் மாறிவிடும். அவருடைய நிரையில் மரங்களைப் பார்த்தே இது யார் வெட்டு என்று தண்டல் சொல்வாராம். புதுப்பட்டை வழவழவென்று வந்திருந்தால் அது பாட்டியின் மரம். செக்ரோலில் அவருக்குத் தனிப் பெயர், தனிச் சம்பளம். தாத்தா குடித்தாலும் குடும்பம் நின்றது அந்தப் பெயரால்.

இனி செம்பனை.

கோலசிலாங்கூர்ப் பக்கம், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தையில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டது அங்கேதான். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினாரே, அதே ஆள். நாட்டின் செம்பனை வரலாறு ஒரு தமிழ் மரப்பெயரில் தொடங்குகிறது என்பது எனக்குப் பிடித்த தகவல். மலேசியச் சுற்றுலாப் பதாகைகளில் இது வராது.

ஆனால் நம் மக்கள் வாழ்வில் செம்பனை நுழைந்தது 1960-களுக்குப் பிறகுதான். கித்தா விலை தள்ளாடியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்படாத தோட்டங்கள் கித்தாவைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டன. எங்கள் தோட்டத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் பாதி நிலம் மாறியது. அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

நட்ட பயிர் மாறினால் கருவி மாறும். கருவி மாறினால் அதைப் பிடிக்கும் ஆள் மாறுவார். இதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் நடந்தது.

மரம் குட்டையாக இருக்கும் வரை நீளக் கம்பியின் முனையில் தட்டையான உளி பொருத்தி, குத்தித் தள்ளிக் குலை வெட்டுவார்கள். இதற்கும் உளி என்றுதான் பெயர். பாட்டி இதை ஒருநாளும் உளி என்று சொன்னதில்லை, "அந்தக் கடப்பாரை" என்பார். மரம் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டால் அரிவாள். அந்தக் காலத்தில் மூங்கில் கழியில், பிறகு அலுமினியக் கம்பத்தில் கட்டிய வளைந்த அரிவாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே, முதலில் மட்டையை இழுத்து வெட்ட வேண்டும்; பிறகு குலைக் காம்பை. இருபது கிலோ குலை மேலேயிருந்து வரும்போது விலகத் தெரிய வேண்டும். பிறகு அதைக் கம்பியால் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, பள்ளமும் மேடும் தாண்டிச் சடக்கோரம் கொண்டுவந்து அடுக்க வேண்டும்.

என் மாமா பதினெட்டு வருடம் குலை வெட்டினார். இதிலும் திறமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. காம்பின் எந்த இடத்தில் அரிவாளை மாட்டினால் ஒரே இழுப்பில் விழும் என்று அவர் கையை ஆட்டி விளக்குவதைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் கழுத்து இப்போது மேலே நிமிராது. வீட்டு மின்விசிறியை நிறுத்தக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

பெண்களால் அந்தக் கம்பத்தைத் தூக்கி நாள் முழுக்க வெட்ட முடியவில்லை. ஓரிருவர் வெட்டினார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். மற்றவர்களுக்குக் கிடைத்தது கீழே சிதறிய பழங்களைப் பொறுக்கும் வேலை. எங்கள் தோட்டத்தில் அத்தை பழம் பொறுக்கினார். கணக்கு மாமா பெயரில் ஏறியது. புருஷனுக்கு ஒத்தாசை, அவ்வளவுதான். பாட்டிக்குச் செக்ரோலில் தனிப் பெயர் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அவர் மருமகளுக்கு அது கிடைக்கவில்லை. ஒரே தலைமுறையில், ஒரே லயத்தில், முள்ளில் கிழிந்த விரல்களோடு வேலை செய்த ஒரு பெண் ஏட்டிலிருந்து காணாமல் போனார். துரைமார்களின் காலம் முடிந்து, சுதந்திரம் வாங்கி, தொழிற்சங்கம் வந்த பிறகு நடந்தது இது.

அம்மாவுக்கு மட்டும் கொஞ்ச காலம் ஒரு நல்ல வேலை இருந்தது. 1976-இல், பதினெட்டு வயதில் போனார். செம்பனையின் பெண் பூவுக்கு இங்கே இயற்கையாகச் சரியாக மகரந்தம் சேராது. அதனால் ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்து, டால்க் பவுடரோடு கலந்து, ஒரு புட்டியில் அடைத்து, பூத்த பெண் பூவைத் தேடித் தேடி அதன் மேல் பீய்ச்ச வேண்டும். பூ ஓரிரு நாள்தான் ஏற்கும் நிலையில் இருக்கும். அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். மட்டை இடுக்கில் எட்டிப் பார்த்து, எது மலர்ந்தது, எது நாளைக்கு மலரும் என்று அடையாளம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இளம்பெண்களைத்தான் இதற்கு எடுத்தார்கள்.

"வாசமா இருக்கும்டி. பெருஞ்சீரகம் மாதிரி. எல்லாம் பொம்பளப் புள்ளைங்கதான், பாட்டு பாடிக்கிட்டே போவோம். பவுடரு மூஞ்சியெல்லாம் அப்பியிருக்கும்," என்று அம்மா சொல்லும்போது அவருக்கு மறுபடி பதினெட்டு வயதாகிவிடும்.

1981-இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து ஜொகூர் குளுவாங்கில் விட்டார்கள். எள்ளளவு வண்டு. ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது அதுதான் என்று ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கண்டறிந்திருந்தார். சில மாதங்களிலேயே வண்டு தீபகற்பம் முழுக்கப் பரவியது. காய்ப்பு கூடியது, செலவு குறைந்தது. விவசாய விஞ்ஞானத்தில் அது ஒரு பெரிய வெற்றி, ஐயமே இல்லை. நாட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். புட்டி பிடித்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று எழுதியவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியும். 1983-இல் மருந்து பம்பு தூக்கினார். முதுகில் மாட்டும் பம்பு, நிரப்பினால் குழந்தையைச் சுமக்கிற கனம். ஒரு கை நெம்புகோலை அடித்துக்கொண்டே இருக்க, மறு கை குழாயைப் பிடிக்க வேண்டும். அடித்த மருந்துகளில் ஒன்று பேரகுவாட். காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும், பம்பு ஒழுகினால் முதுகு நனையும். கையுறை கொடுத்தார்களா என்றால், கொடுத்த நாளும் உண்டு, வெக்கையில் கழற்றிப் போட்ட நாளும் உண்டு என்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் இரண்டு விரல்களில் நகம் சரியாக இருந்ததில்லை. மூக்கில் ரத்தம் வந்தால் துண்டால் துடைத்துவிட்டு எங்களுக்குப் பசியாறக் கொடுப்பார். மலேசியா 2002-இல் பேரகுவாட்டைத் தடை செய்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். அம்மா பம்பை இறக்கி வைத்தது 2001. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட வருடம். நஷ்ட ஈடு, நீதிமன்றம், அடுக்குமாடி வீடு என்று அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீங்கள் வேறு பல தோட்டங்களைப் பற்றிப் படித்ததுதான். எங்களுடையதில் புதிதாக ஒன்றும் இல்லை.

பாட்டியின் உளியையும் மாமாவின் அரிவாளையும் நான் கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன். அம்மாவின் புட்டி எங்கே என்று கேட்டேன். "அது கம்பெனி சாமான். ஒப்படைச்சாச்சு," என்றார். பம்பும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தால் அந்த மூவரில் வேலை செய்த கருவியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வர முடிந்தது பாட்டிக்கும் மாமாவுக்கும்தான். அம்மாவிடம் மிஞ்சியது நகங்கள்.

பழைய தோட்டத்தில் கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் பின்னால் ஆறேழு கித்தா மரங்கள், யாரும் வெட்டாமல் நிற்கின்றன. போன மாதம் கோயில் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு பாட்டியை அழைத்துப் போனேன், உளியோடு. முதலில் நான் வெட்டினேன். பாட்டி சொன்ன மாதிரிதான் பிடித்தேன் என்று நினைக்கிறேன். பட்டை துண்டு துண்டாகத் தெறித்தது. மூன்றாவது இழுப்பில் வெள்ளையாக மரக்கட்டை தெரிந்தது.

"ஐயோ, காயம் பண்ணிட்டியே," என்று உண்மையாகவே பதறினார். மரத்தில் கை வைத்துத் தடவினார். பிறகு உளியை வாங்கிக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போனார். கண் புரை, அதனால் இடது கை விரலால் பட்டையைத் தடவி இடம் பார்த்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. உளி பட்டையில் பட்டதும் நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோணாமல் ஒரு நீளச் சீவல், ரிப்பன் மாதிரி சுருண்டு விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாக வெள்ளை பூத்து, ஒன்றுசேர்ந்து, சரிவில் இறங்க ஆரம்பித்தது.

"மங்கு கொண்டு வரலியே," என்றார் பாட்டி.

என் பையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை உளியாலேயே பாதியாக அறுத்து, மரத்தடியில் இரண்டு கல் வைத்து நிறுத்தினார். பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியதும் கிளம்பினோம். காரில் வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டு வந்தார்: "அதை யாரு போயி எடுப்பா?"